நாலு கால்களும் ஒரு சோடி பூட்ஸும்

உதைபந்தாட்டம் தோன்றிய நாள் தொட்டு, உலகத்தின் கல்லூரி அணிகளில் எத்தனையோ புகழ்பெற்ற சோடிகள் தோளோடு தோள் சேர்ந்து ஓடியிருக்கலாம். ஆனால் அப்படி ஓடிய ஒரு சோடிக்காகக் கந்தோர் திறந்து, பெயர்ப்பலகை நாட்டி, குளிரூட்டி பூட்டி, வெள்ளை வாகனம் ஒன்றையும் கூடவே ஓடவிட்ட பெருமை மன்னார்த் தீவு ஒன்றுக்கே உரியது. அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர் 'கைகோப்பு' நிறுவனத்தின் பணிப்பாளர் திரு. சிவசுப்பிரமணியம். சண்டை முடிந்து சனங்கள் முகாம்களிலிருந்து தறப்பாளும் தகரமுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களிடம் இல்லாதது வீடும் கிணறும்தான் என்று பலர் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லாதது ஒற்றுமை என்று கொழும்பில் இருந்தபடியே கண்டுபிடித்து, அதை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியவர் அவர்.

அந்தக் கந்தோரில் பிரேமினி திட்ட உத்தியோகத்தர். உயிலங்குளத்துப் பிள்ளை. தகப்பன் முகாமோடு முடிந்துபோனார். வீட்டு வயல் இன்னும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களின் சிவப்பு நாடாவுக்குள் கிடந்தது. அம்மா பூமணியும் தம்பி கீர்த்தனனும் அவளுடைய சம்பளத்தை நம்பியே சோறு உண்டார்கள். ஆகவே, பணிப்பாளர் கண்டுபிடித்த அந்த உலகப் புகழ் சோடியில் ஒரு பாதி தன் கூடப்பிறந்த தம்பி என்பது பிரேமினிக்குப் பெருமையாகவே இருந்திருக்க வேண்டும். பெருமை என்று நினைத்துத்தான் அவளும் முதலில் சிரித்தாள்.

மற்றப் பாதி டிலோஜன். ஓலைத்தொடுவாயில் கடற்தொழில் செய்கிறவரின் மகன். இருவரும் மன்னார்ப் பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு, ஒரே அணி. கீர்த்தனன் முன்வரிசையில் வலப்பக்கம், டிலோஜன் இடப்பக்கம். முகாமிலிருந்து வந்த கீர்த்தனன் முதல் ஆட்டத்துக்கு வெறுங்காலோடு வந்து நின்றான். டிலோஜனிடம் பிரான்சிலிருந்து சித்தப்பா அனுப்பிய பூட்ஸ் இருந்தது.

"மச்சான், நீ எந்தக் காலாலை அடிக்கிறனி?"

"வலது."

"நான் இடது. அப்ப என்ரை வலது பூட்ஸ் சும்மாதானே கிடக்கு. இந்தா, பிடி."

"மற்றக் காலுக்கு?"

"மற்றக் கால் நிக்கிறதுக்குத்தானேடா. நிக்கிறதுக்கு என்னத்துக்குப் பூட்ஸ்? எங்கடை அப்பா பிறந்ததிலையிருந்து வெறுங்காலோடைதான் வள்ளத்திலை நிக்கிறார். விழுந்தவரோ?"

அளவும் சரியாக இருந்தது. அன்று தொடங்கியதுதான் அந்தச் சோடியின் ஆட்டம். டிலோஜன் மைதானக் கரையோரமாக ஓடுவான்; மறிக்க ஆள் வரும் வரைக்கும் பந்தை விடமாட்டான்; வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே குறுக்கே அடிப்பான். பந்து போய் விழும் இடத்தில் கீர்த்தனன் நிற்பான். அடுத்த முறை இவன் ஓடுவான், அங்கே அவன் நிற்பான். ஊர்த் திருவிழாப் போட்டிகளில் மத்தியஸ்தர்கள் கால்களைப் பார்ப்பதில்லை, பந்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் ஒற்றைப் பூட்ஸ் ஆட்டம் தடையில்லாமல் நடந்தது. "உவங்கள் ரெண்டு பேரும் ஒரு வயித்திலை பிறக்கேல்லை எண்டு ஆர் சத்தியம் பண்ணினாலும் நான் நம்பமாட்டன்," என்பார் பயிற்சியாளர் கிறகரி மாஸ்டர். ஆட்டம் முடிந்தால் டிலோஜனின் தாய் அன்ரோனெற் ஒரே கோப்பையில் இருவருக்கும் பாரை மீன் குழம்பும் சோறும் போட்டுக் கொடுப்பாள். கோப்பை இரண்டு இருந்தது. கேட்டால், "தனித்தனியாப் போட்டா ரெண்டும் அளைஞ்சு விளையாடுங்கள்," என்பாள்.

இப்படி எவருடைய வழிகாட்டலும் இல்லாமல், அறிவியல் முறைக்குச் சற்றும் உட்படாமல் நடந்துகொண்டிருந்த ஒற்றுமையைத்தான் பணிப்பாளர் தற்செயலாகக் காண நேர்ந்தது. ஒரு திருவிழாக் கிண்ண இறுதியாட்டத்துக்கு அவர் பிரதம விருந்தினர்.

"ஏன் அந்தப் பிள்ளையள் ஆளுக்கொரு பூட்ஸோடை ஓடுகினம்?" என்று கிறகரி மாஸ்டரைக் கேட்டார்.

"ஒரு சோடிதான் கிடக்கு, சேர்."

"அதாவது, பகிர்ந்துகொள்ளுகினம்."

"வேறை வழியில்லை, சேர்."

"அதை வெளியிலை சொல்லாதேங்கோ மாஸ்டர்." பணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "ஒண்டு கிறிஸ்தவப் பிள்ளை, ஒண்டு சைவப் பிள்ளை. ஒண்டு கடல், ஒண்டு வயல். இடையிலை ஒரு சோடி பூட்ஸ். கடவுளே, இதுக்கு ஒரு திட்டம் வேண்டாமோ?"

திட்டம் வந்தது. சுவரொட்டி வந்தது. அதில் இரண்டு கால்கள் மட்டும் இருந்தன. முகங்களுக்கு இடம் போதவில்லை. தொப்பி வந்தது, பை வந்தது, தண்ணீர்ப் போத்தல் வந்தது. எல்லாவற்றிலும் அந்தப் பூட்ஸ் படம். பூட்ஸ் மட்டும் வரவில்லை.

அடுத்ததாகப் பயிற்சிப் பட்டறை. பூட்ஸை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று அந்த இருவருக்கும் கற்றுக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு வளவாளர் அம்மையார் வந்தார். பெரிய வெள்ளைத் தாளும் நிறப் பேனைகளும் பிஸ்கற்றும் பரப்பிவைக்கப்பட்டன.

"தம்பிமார், ஒரு பூட்ஸை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும்போது உங்களுக்குள் என்ன உணர்வு வருகிறது?" என்று கேட்டார் அம்மையார்.

"மற்றக் கால் சுடும், மிஸ்," என்றான் கீர்த்தனன்.

"பின்னேரத்திலை அவ்வளவு சுடாது," என்றான் டிலோஜன் நீதியாக.

அம்மையார் பெரிய தாளில் 'வெதுவெதுப்பான உணர்வு' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார். பின்வரிசையில் நின்ற பிரேமினி பிஸ்கற் தட்டத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் கீர்த்தனனின் இடது காலை மட்டிச் சிப்பி ஒன்று நீளமாகக் கிழித்துவிட்டது. அடுத்த நாள் கூட்டத்தில் பிரேமினி மெதுவாக வாய் திறந்தாள்.

"சேர், இன்னொரு சோடி பூட்ஸ் வாங்கிக் குடுத்தா என்ன?"

பணிப்பாளர் அவளைக் கோபிக்கவில்லை. மதம் மாறப் போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோலக் கவலையோடு பார்த்தார்.

"தங்கச்சி, யோசிச்சுக் கதையுங்கோ. இன்னொரு சோடி வாங்கினா, பிறகு இவையள் ஆர்? ஆளுக்கொரு சோடி பூட்ஸ் போட்ட ரெண்டு பெடியள். அப்பிடிப் பெடியள் உலகம் முழுக்கக் கிடக்கினம். அவையளைப் பாக்க ஆர் பிளேன் ஏறி வருவினம்?"

"காலிலை காயம், சேர்."

"காயமோ? உடனை படம் எடுங்கோ," என்றார் பணிப்பாளர். எடுத்தார்கள். அடுத்த சுவரொட்டியில் அந்தக் காயம் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

இந்த உன்னத நிலையில்தான் கிறகரி மாஸ்டர் ஒரு காலை துவிச்சக்கரவண்டியில் மூச்சிரைக்கக் கந்தோர் வாசலுக்கு வந்தார். கொழும்பிலிருந்து தெரிவாளர்கள் வருகிறார்கள், சனிக்கிழமை, மன்னார் மைதானத்துக்கு. இளையோர் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். எடுபட்டால் விடுதி, சாப்பாடு, பயிற்சி; பிறகு பெரிய நிறுவனம் எதிலாவது அணியோடு சேர்த்து வேலை. மன்னாருக்கு இன்னொரு முறை எப்போது வருவார்களோ தெரியாது.

"ஆனா இரண்டு காலிலையும் பூட்ஸ் இருக்கவேணும், பிள்ளை. அது கண்டிப்பு," என்றார் மாஸ்டர்.

"அப்ப ஒராள்தான் போகலாமோ?" என்று கேட்டாள் பிரேமினி.

"இல்லை. அங்கைதான் கடவுள் கண் திறந்திருக்கிறார். காலமை இடப்பக்கக்காரரைப் பாக்கினம். மத்தியானத்துக்குப் பிறகுதான் வலப்பக்கக்காரர். டிலோ ரெண்டையும் போட்டு விளையாடிப்போட்டுக் கழட்டிக் குடுத்தா, கீர்த்தி போட்டு விளையாடுவான்."

அன்றிரவு பூமணி சாமிப் படத்துக்கு முன் ஒரு தேங்காயைக் கொண்டுபோய் வைத்தாள், சனிக்கிழமைக்கென்று. ஓலைத்தொடுவாயில் அன்ரோனெற் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். பூட்ஸ் அவளுடைய வீட்டுக் கூரை வளையில் கயிற்றில் தொங்கியது. நாய் கடித்துவிடும் என்று அவளே கட்டித் தூக்கியிருந்தாள்.

இரண்டு தெய்வங்களும் ஒத்துக்கொண்ட காரியத்துக்குள் பணிப்பாளர் பிரவேசித்தார்.

வெளிநாட்டிலிருந்து நிதி தருகிற அம்மையார் அடுத்த மாதம் வருகிறார். அவருக்குக் காட்ட வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்தாயிற்று. உள்ளே வைக்கப் பூட்ஸ் வேண்டும்.

"மூண்டு நாளைக்குத்தான், தங்கச்சி. பெட்டிக்குள்ளை எப்பிடி இருக்கெண்டு பாத்துப் படம் எடுத்து அனுப்பவேணும். நீங்கள் கேட்டாத் தருவினம்."

பிரேமினி ஓலைத்தொடுவாய்க்குப் போனாள். அன்ரோனெற் கயிற்றை அவிழ்த்தாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை. பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சனிக்கிழமை பிள்ளையளுக்கு வேணுமெல்லோ, பிரேமினி?"

"வெள்ளிக்கிழமை நானே கொண்டுவந்து தருவன், அன்ரி."

"நீ சொன்னாச் சரி. உங்கடை கந்தோர் சொல்லியிருந்தா இதைக் குடுத்திருக்கமாட்டன்."

பிரேமினி அந்த வார்த்தையையும் பூட்ஸோடு சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

பூட்ஸ் பெட்டிக்குள் போனது. பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. பூட்ஸ் பொன்னாகத் தெரிந்தது. பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்ரர் இரண்டு நாளாக வாளியும் தூரிகையுமாக வந்து போனார். ஏதோ பலகை வேலை என்று பிரேமினி நினைத்தாள். வியாழக்கிழமை பணிப்பாளர் பாங்கொக் பறந்தார். அங்கே 'பகிர்தலின் எதிர்காலம்' என்று ஒரு மகாநாடு. பெட்டியைப் பூட்டிய திறப்பும் அவருடைய காற்சட்டைப் பையில் பறந்தது.

வெள்ளிக்கிழமை பிரேமினி தொலைபேசி எடுத்தாள்.

"சேர், பூட்ஸ் வேணும். நாளைக்குத் தெரிவு."

"எந்தப் பூட்ஸ்?"

"பிள்ளையளின்ரை பூட்ஸ், சேர்."

"தங்கச்சி, அது இப்ப பிள்ளையளின்ரை பூட்ஸ் இல்லை. எல்லாருக்கும் பொதுவானது. பகிர்வு எண்டா அதுதானே? இப்ப மேடையிலை அதைத்தான் சொல்லிப்போட்டு வாறன். எழும்பி நிண்டு கைதட்டினவை."

"திறப்பு எங்கை, சேர்?"

"என்னட்டைத்தான் பத்திரமாக் கிடக்கு. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, ஒருத்தரும் எடுக்கேலாது!"

சனி விடிந்ததும் இருவரும் கந்தோர் வாசலில் நின்றார்கள். டிலோஜன் புதிதாகத் தலைமயிர் வெட்டியிருந்தான். கீர்த்தனன் பூட்ஸ் போடுவதற்கென்று கால் இரண்டையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உள்ளே போனாள். மேசையில் நிறுவனத்துக்குக் கிடைத்த 'நல்லிணக்கச் செம்மல்' விருது இருந்தது. நல்ல கனமான கருங்கல். அதற்கு அதுவரை ஒரு பயனும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. பிரேமினி அதைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கிப் போட்டாள்.

"அக்கா!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"கத்தாதேங்கோடா. கண்ணாடி வெட்டாமல் எடுங்கோ. எடுத்துக்கொண்டு ஓடுங்கோ."

டிலோஜன் பூட்ஸைப் பிடித்துத் தூக்கினான். கீழேயிருந்த பலகையும் சேர்ந்து வந்தது. ஆணி அடித்திருந்தார்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், மஞ்சள் விளக்கு அணைந்த பிறகும் பூட்ஸ் பொன்னாகவே இருந்தது. பெயின்ற். கீர்த்தனன் கையை உள்ளே விட்டான். கை போகவில்லை. விரலை மடக்கித் தட்டினான். மதிலில் தட்டியதுபோல் கேட்டது.

பூட்ஸ் சப்பையாக மடிந்து கிடந்தால் வெளிநாட்டவருக்கு அழகாயிராது என்று, வாய் வரை சீமெந்து நிரப்பச் சொல்லியிருந்தார் பணிப்பாளர். கலைக்கண் உள்ள மனிதர்.

"மச்சான்," என்றான் கீர்த்தனன், "இனி இதைப் போட்டா ரெண்டு காலும் நிக்கிற கால்தான்."

டிலோஜன் சிரித்தான். பிறகு பலகையோடு பூட்ஸை நிலத்தில் வைத்துவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்தான்.

ஆனாலும் மைதானத்துக்குப் போனார்கள். பிரேமினியும் கூடப் போனாள். தெரிவாளர் நல்ல மனிதர், தன்மையாகத்தான் பேசினார்.

"எனக்கு விளங்குது, மாஸ்டர். ஆனா வெறுங்காலிலை விட்டு, நாளைக்குக் கால் முறிஞ்சா நான்தான் பதில் சொல்லவேணும்."

"அஞ்சு நிமிசம் பாருங்கோ, சேர். அஞ்சே அஞ்சு நிமிசம். பிறகு நீங்களே பூட்ஸ் வாங்கிக் குடுப்பியள்," என்று கிறகரி மாஸ்டர் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

மற்றப் பெடியள் தங்கள் பூட்ஸோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். தாராபுரத்திலிருந்து வந்திருந்த கோல்காப்பாளன், முஸ்லிம் பிள்ளை, தன் முறை முடிந்ததும், யாரும் கேளாமலே இரண்டையும் கழற்றி, அண்ணன் முறை சொல்லி நீட்டினான். "எடுங்கோ நானா, எனக்கு முடிஞ்சுது." டிலோஜனின் பாதிக் கால்தான் உள்ளே போனது. கீர்த்தனன் குதியை அடித்து அடித்து உள்ளே தள்ளிப் பார்த்தான். பட்டறையில் ஒருநாளும் இருந்திராத அந்தப் பிள்ளை, தன் கால் சின்னதாய்ப் போனதற்காகத் தானே மன்னிப்புக் கேட்டான். மாலைக்குள் ஆள் எடுத்து முடித்துத் தெரிவாளர்கள் போய்விட்டார்கள்.

பிரேமினி நேரே ஓலைத்தொடுவாய்க்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அன்ரோனெற் ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசவில்லை. "சாப்பிட்டுப் போட்டுப் போ," என்று மட்டும் சொல்லிக் கோப்பையை வைத்தாள். பிரேமினி சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தாள். தலைக்கு மேலே வளையில் கயிறு வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

டிலோஜன் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கினான். கீர்த்தனன் வீட்டுத்திட்டக் கட்டடங்களில் கல் தூக்கப் போனான். பந்து கல்லூரி அலுமாரிக்குள் இருந்தது.

பணிப்பாளர் திரும்பி வந்தார். உடைந்த கண்ணாடியைக் கண்டு அவர் கோபிப்பார் என்று நினைத்தவர்கள் அவருடைய உள்ளத்தை அறியாதவர்கள். "களவெடுக்க வந்திருக்கினம்," என்றார் கண்கள் மின்ன. "அவ்வளவு பெறுமதி!"

"நான்தான் உடைச்சனான், சேர்," என்றாள் பிரேமினி.

பணிப்பாளர் அவளை அன்போடு பார்த்தார். "பழியை நீங்கள் பகிர்ந்துகொள்ளுறியள். பட்டறை வேலை செய்யுது, பாத்தியளோ?" இன்னும் தடித்த கண்ணாடி போடச் சொன்னார்.

நிதி அம்மையார் வந்தார். திறப்பு விழா. மண்டபம் நிறைந்த சனம். இருவரையும் வாகனம் அனுப்பி ஏற்றிவந்து மேடையில் நிறுத்தினார்கள். இயல்பாக இருக்கட்டும் என்று வெறுங்காலோடு வரச் சொல்லியிருந்தார் பணிப்பாளர். வேறு விதமாக வர அவர்களிடம் வழியும் இருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பக்கம் பூமணி, பக்கத்தில் அன்ரோனெற். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கில் பூட்ஸ் தகதகத்தது. பணிப்பாளர் நெடுநேரம் பேசினார். இருந்ததைப் பகிர்ந்தவர்கள், என்றார். உலகத்துக்கே பாடம், என்றார். சனம் கதவுப் பக்கம் பார்த்தது. அங்கே பற்றிஸும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாகச் சிற்றுண்டி வந்திறங்கியிருந்தது.

கடைசியாக நன்றியுரை. வழக்கம்போல் பிரேமினி. நன்றியுரையில் 'இறுதியாக' என்ற சொல் வந்ததும் பலமாகக் கைதட்டுவது எங்கள் பக்கத்து மரபு. அதற்குப் பிறகு சொல்லப்படுவதைக் கேட்கிற மரபு இல்லை.

பிரேமினி கதிரை தந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். ஒலிபெருக்கி தந்தவர்களுக்குச் சொன்னாள். பிறகு கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இறுதியாக, எங்கள் பணிப்பாளர் அவர்களுக்கு," என்றாள். கைதட்டல் எழுந்தது. அவள் அதற்கு மேலாகக் குரலை உயர்த்தினாள்.

"அவர் இங்கே வருவதற்கு முன் இந்தப் பிள்ளைகளிடம் ஒரு சோடி பூட்ஸ் இருந்தது. ஆளுக்கு ஒரு காலாவது சுடாமல் ஓடினார்கள். அதில் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வை அவர்தான் கண்டார். பட்டறை வைத்தார், படம் எடுத்தார், பெட்டி செய்தார், சீமெந்து ஊற்றினார். இன்று நாலு காலும் சரிசமம். நாலும் வெறுங்கால். இனி இந்த இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ள ஒன்றுமே இல்லாதபடி செய்து தந்த எங்கள் பணிப்பாளருக்கு இந்தத் தீவு என்றும் கடமைப்பட்டிருக்கிறது."

முன்வரிசையில் இரண்டு தாய்மார் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். நிதி அம்மையார் மொழிபெயர்ப்பாளர் பக்கம் சாய்ந்து, அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

"உங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்கிறாள்," என்றார் அவர், ஒரு கண்ணைக் கதவில் வைத்தபடி.

பணிப்பாளர் தம் பதவிப் பெயர் ஒலித்ததைக் கேட்டு எழுந்து, பளபளக்கும் தோல் சப்பாத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து நின்று, நாலு திசைக்கும் கைகூப்பினார்.